விளையாட்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினரை அழைக்கப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தலைமை ஆசிரியர்களுக்கும், தாளாளர்களுக்கும், விழாக் குழுவில் இருக்கும் சக ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். விளையாட்டு விழா நெருங்கினால் பள்ளிக்கூடத்தில் முதலில் எழும் கேள்வி "சீஃப் கெஸ்ட் யாரு?" என்பதுதான். எத்தனை போட்டி, ட்ராக் எப்படிப் போடுவது, முதலுதவிக்கு யார் நிற்பது என்பதெல்லாம் அப்புறம். நான் உடற்கல்வி ஆசிரியர். அன்றைக்குக் கையில் விசிலோடு வெயிலில் நிற்கிற ஆள். மேடையை மைதானத்திலிருந்து பார்ப்பவன் என்பதால் மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணில் படாத சில விஷயங்கள் என் கண்ணில் படும். ஆசிரியர் கூட்டத்தில் இதைச் சொல்ல ஆரம்பித்தால் "சரி சார், பார்த்துக்கலாம்" என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறீர்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விருந்தினர்கள் மேல் எனக்குப் பெரிதாக வருத்தமில்லை. அவர்கள் தாமதமாக வருவதும், மைக்கைப் பிடித்தால் அரை மணி நேரம் விடாததும், பாதி விழாவில் எழுந்து போவதும் பெரும்பாலும் நாம் அழைக்கிற லட்சணத்தால் வருவது. நாம் போய் என்ன சொல்கிறோம்? "நீங்க வந்தாலே போதும் சார், எங்களுக்குப் பெருமை." வந்தாலே போதும் என்று கூப்பிட்டவர், வந்துவிட்டுப் போய்விடுகிறார். என்ன வேலை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று ஒருவரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் கேட்பது இந்த ஒன்றைத்தான்: விருந்தினருக்கு வேலை சொல்லி அழையுங்கள்.

நேரத்திலிருந்து தொடங்குகிறேன். அழைப்பிதழில் 8 மணி என்று அச்சடிக்கிறோம். விருந்தினரிடம் தனியாக, "நீங்க 9 மணிக்கு வந்தா சரியா இருக்கும் சார், அதுக்குள்ள நாங்க எல்லாத்தையும் ரெடி பண்ணி வைக்கிறோம்" என்கிறோம். 9 என்று கேட்டவர் இந்த மாதிரி விழாக்கள் எப்படி நடக்கும் என்று தெரிந்தவர், ஆகவே ஒன்பதரைக்கு வருகிறார். பிள்ளைகளுக்கு நாம் சொன்ன நேரமோ ஆறரை. அணிவகுப்புக்கு வரிசை கட்டி, கொடி பிடித்து, தொப்பி சரிசெய்து, ஏழரைக்கெல்லாம் நிறுத்திவிடுகிறோம். ஆக ஒரே விழாவுக்கு மூன்று நேரம், அதில் மிக முன்னாலேயே வந்து மிக அதிகமாகக் காத்திருப்பது அந்த விழா யாருக்காக நடக்கிறதோ அவர்கள்.

காத்திருந்தால் என்ன, பிள்ளைகள்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். அசையாமல் நிற்கும்போது ரத்தம் காலில் தேங்கும். நடக்கும்போதும் ஓடும்போதும் கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி அந்த ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அட்டென்ஷனில் சிலை போல நின்றால் அது நடக்காது. கூடவே வெயில் சேர்ந்தால் தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் விரியும், வியர்வையில் நீர் குறையும், மூளைக்குப் போகிற ரத்தம் சட்டென்று குறைந்து பிள்ளை சரிந்து விழும். "காலையில சாப்பிடாம வந்திருப்பா" என்று ஒவ்வொரு முறையும் பழியைப் பிள்ளை மேல் போடுகிறோம். சாப்பிட்டுவிட்டு வந்த பிள்ளையும் விழும். நாம் நிற்க வைத்ததால் விழுகிறது.

விழாத பிள்ளைக்கும் கஷ்டம்தான். முதல் போட்டி 100 மீட்டர் என்றால் அதில் ஓடுகிறவர்களை அதற்கு முன்னால் வார்ம்-அப் செய்ய வைத்திருப்போம். கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்தாலே சூடேறிய தசை ஆறத் தொடங்கிவிடும். விருந்தினர் வந்து, வரவேற்புரை முடிந்து, அறிமுக உரை முடிந்து, பலூன் பறக்கவிட்டு, அதன் பிறகு "ஆன் யுவர் மார்க்" என்று நான் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் தொடை மறுபடி பழைய நிலைக்கு வந்திருக்கும். அறுபதாவது மீட்டரில் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நொண்டி நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மேடையிலிருந்து பார்த்தால் அது வெறும் தசைப்பிடிப்பு.

ஆகவே ஒரு யோசனை. விருந்தினரைத் தொடக்கத்துக்கு ஏன் அழைக்க வேண்டும்? காலையில் தலைமை ஆசிரியரோ மாணவர் தலைவரோ தொடங்கி வைக்கட்டும். தகுதிச் சுற்றுகள், குண்டு எறிதல், நீளம் தாண்டுதல் எல்லாம் நடந்துகொண்டிருக்கட்டும். விருந்தினரைக் கடைசி ஒன்றரை மணி நேரத்துக்கு அழையுங்கள்: இறுதிப் போட்டிகள், ரிலே, அணிவகுப்பு, பரிசு. அவருக்கும் பார்க்க நல்ல போட்டிகள் கிடைக்கும், அவர் தாமதமாக வந்தாலும் ஒரு பிள்ளையும் அவருக்காக வெயிலில் நிற்காது. முன்கூட்டியே கிளம்பிப் போவதற்கும் வழியில்லை, ஏனென்றால் அவர் வந்ததே கடைசிப் பகுதிக்கு. "தொடக்க விழா இல்லாம எப்படி சார்?" என்று யாராவது கேட்பார்கள். தொடக்க விழா இருக்கும், விருந்தினர்தான் அதில் இருக்க மாட்டார்.

தொடக்கத்துக்கே அழைத்துத்தான் தீருவோம் என்றால், அழைப்பிதழில் உள்ள நேரத்துக்கு விழா தொடங்கும், விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும், என்று முதலிலேயே முடிவெடுத்து அதை அவரிடமும் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வார் என்று பயப்படாதீர்கள். நேரத்துக்குத் தொடங்குவோம் என்று தெரிந்தால் பெரும்பாலானவர்கள் நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

ட்ராக் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு இதில் நிஜமாகவே வயிற்றெரிச்சல் உண்டு. ஒரு புல் மைதானத்தில் ஓட்டப்பாதை போடுவது சுண்ணாம்புத்தூளை வாரி இறைக்கிற வேலை இல்லை. ஒரு தடம் 1.22 மீட்டர் அகலம். ஒரு முழுச் சுற்றையும் தன் தடத்திலேயே ஓடும் போட்டியில் இரண்டாவது தடத்தில் நிற்பவர் முதல் தடத்துக்காரரைவிட 7.04 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும், மூன்றாவது தடத்துக்காரர் அவரைவிட இன்னும் கொஞ்சம் கூடுதலாக முன்னால், இப்படியே போகும். (மைதானம் 200 மீட்டரோ 400 மீட்டரோ, ஒரு முழுச் சுற்றுக்கு இந்த இடைவெளி மாறாது. நம்பாதவர்கள் வட்டத்தின் சுற்றளவுக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம், கணித ஆசிரியர்களோடு நான் பந்தயம் கட்டி ஜெயித்த விஷயம் இது.) 4x100 ரிலேயில் குச்சி மாற்றுகிற பகுதி இப்போதைய விதிப்படி 30 மீட்டர், ஒவ்வொரு தடத்திலும் அது வேறு வேறு இடத்தில் தொடங்கி வேறு வேறு இடத்தில் முடியும். டேப்பையும் கயிற்றையும் பிடித்துக்கொண்டு நானும் மூத்த மாணவர்கள் சிலரும் இரண்டு நாள் குனிந்து நிமிர்ந்து போட்ட கோடுகள் அவை.

ஒரு பள்ளியில், பெயர் வேண்டாம், விருந்தினரின் காரை மேடை வரைக்கும் கொண்டுவர வேண்டும் என்று யாரோ ஒரு புண்ணியவான் மைதானத்தின் பெரிய கேட்டைத் திறந்துவிட்டார். கார் வளைவைக் குறுக்கே வெட்டி, மூன்றாம் நான்காம் தடங்களின் குச்சி மாற்றும் பகுதியில் ஏறி, மேடைக்கு முன்னால் போய் நின்றது. பின்னால் இன்னும் இரண்டு கார்கள். முந்தின நாள் மழை பெய்து மண் ஈரமாக இருந்ததால் டயர் பள்ளம் நன்றாகவே விழுந்தது, வெள்ளைக் கோடு சேற்றோடு கலந்து சாம்பல் நிறமாகிவிட்டது. அந்தப் பக்கம் எட்டாம் வகுப்புப் பெண்கள் ரிலே பயிற்சியில் நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். காரிலிருந்து இறங்கியவருக்கு அது ட்ராக் என்றே தெரியாது, பாவம், கும்பிட்டபடி மேடை ஏறினார். கேட்டிலிருந்து மேடைக்கு நூறு அடிகூட இருக்காது. நடந்து வந்திருந்தால் வழியில் பிள்ளைகளோடு நாலு வார்த்தை பேசியிருக்கலாம்.

அழைப்புக் கடிதத்திலேயே "வாகனத்தை இந்த இடத்தில் நிறுத்த ஏற்பாடு செய்திருக்கிறோம், அங்கிருந்து உங்களை இன்னார் அழைத்து வருவார்" என்று ஒரு வரி எழுதினால் இந்தக் கூத்து நடக்காது. நடக்கச் சிரமப்படுகிறவர் என்றால் அதையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம், மேடைக்குப் படி வேண்டாம், சாய்தளமே போட்டுவிடலாம்.

யாரை அழைப்பது என்பதற்கு வருகிறேன். உங்கள் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. நன்கொடை தந்தவர் இருக்கிறார், அனுமதி தர வேண்டிய அதிகாரி இருக்கிறார், போன வருடமே வாக்குக் கொடுத்த ஒருவர் இருக்கிறார். இவர்களுக்கு ஆண்டு விழா இருக்கிறது, புதிய கட்டடத் திறப்பு இருக்கிறது, தாராளமாக அழையுங்கள். விளையாட்டு விழாவை மட்டும் விளையாடியவர்களுக்கு விட்டுக்கொடுங்கள்.

உடனே "அவ்வளவு பெரிய வீரர் நம்ம பள்ளிக்கு வருவாரா?" என்பீர்கள். பெரிய வீரரே வேண்டும் என்று யார் சொன்னது? 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜோதியை ஏற்றும் கௌரவம் எந்தப் பதக்கக்காரருக்கும் போகவில்லை. யோஷினோரி சகாய் என்ற 19 வயதுக் கல்லூரி மாணவர் ஏற்றினார். ஓட்டக்காரர்தான், ஆனால் அந்த ஒலிம்பிக்கில் எந்தப் போட்டியிலும் ஓடாதவர். 1945 ஆகஸ்ட் 6, ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்த அதே நாளில், அதே மாகாணத்தில் பிறந்தவர். ஒரு நாடே உலகத்தை விருந்துக்கு அழைத்த நாளில் அப்படி ஓர் இளைஞரை முன்னால் நிறுத்தியது என்றால், நம் பள்ளியிலேயே படித்து, மாவட்ட அளவிலோ பல்கலைக்கழக அளவிலோ ஓடி, இப்போது எங்கேயோ வேலை பார்த்துக்கொண்டிருக்கிற பழைய மாணவியை நாம் அழைப்பதற்கு என்ன தயக்கம்? அவர் இதே மைதானத்தில் ஓடியவர். எந்த மூலையில் பள்ளம், வளைவில் எங்கே கால் வழுக்கும் என்று அவருக்குத் தெரியும். கேள்வி கேட்கப் பிள்ளைகளுக்கும் கூச்சம் இருக்காது.

ஜெயித்தவரைத்தான் அழைக்க வேண்டும் என்பதும் கிடையாது. பி.டி. உஷா 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு விநாடியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். அதன் பிறகும் ஓடினார், 1986 சோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம் வாங்கினார். ஒரு பள்ளி விளையாட்டு விழாவில் எட்டுப் பேர் ஓடினால் ஐந்து பேர் பரிசில்லாமல் வீட்டுக்குப் போகிறார்கள். நான்காவதாக வருவது எப்படி இருக்கும், மறுநாள் காலையில் மறுபடி ஷூவை மாட்ட என்ன தேவைப்படும் என்று அந்த ஐந்து பேரிடம் பேசத் தெரிந்த ஒருவர் எனக்குப் போதும். பயிற்சியாளர்கள், நடுவர்கள், விளையாட்டுக் காயங்களுக்கு வைத்தியம் பார்க்கிற பிசியோதெரபிஸ்டுகள் என்று யோசித்தால் பட்டியல் நீளும்.

அப்புறம் பேச்சு. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் உண்மை. ஒலிம்பிக்கைத் தொடங்கி வைக்கிற நாட்டுத் தலைவர் அந்த மேடையில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லலாம். என்ன சொல்ல வேண்டும் என்று ஒலிம்பிக் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: இந்த நகரத்தின், இத்தனையாவது ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கியதாக அறிவிக்கிறேன், அவ்வளவுதான். அரசியல்வாதிகளோ அரசுப் பிரதிநிதிகளோ வேறு எந்த உரையும் ஆற்றக் கூடாது என்றும் அதே சாசனம் சொல்கிறது. தொடக்க விழாவிலும் நிறைவு விழாவிலும் பேச அனுமதி இரண்டே பேருக்கு, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவருக்கும் போட்டி அமைப்புக் குழுத் தலைவருக்கும், அதுவும் சுருக்கமாக. குடியரசுத் தலைவர்களே ஒரு வரியில் முடித்துக்கொள்கிற இடத்தில், ஆறாம் வகுப்புச் சாக்கு ஓட்டத்துக்கு முன்னால் நாற்பது நிமிடம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேச விடுகிறோம்.

ஐந்து நிமிடம் என்று கடிதத்தில் எழுதுங்கள். எழுதினால் மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள். பேச வருகிறவருக்கு அது பெரிய உதவி, எவ்வளவு தயார் செய்வது என்று தெரிந்துவிடும். நேரம் சொல்லாமல் விட்டால் நல்லவர்களும் இழுத்துவிடுவார்கள், முடிக்க எங்கே என்று தெரியாமல். அதோடு நம் பக்கத்துப் பேச்சையும் குறைக்க வேண்டும். வரவேற்புரை, ஆண்டறிக்கை, விருந்தினர் அறிமுகம், தலைமையுரை, வாழ்த்துரை மூன்று, நன்றியுரை. விருந்தினர் பேசுவது ஒன்றுதான், இந்த எட்டும் நம்முடையது. பழியோ அவருக்கு.

பரிசளிப்பையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வயதுப் பிரிவு, ஆண் பெண் இரண்டுக்கும், பிரிவுக்கு எட்டுப் போட்டி என்றால் 48 போட்டிகள். முதல் மூன்று இடம் என்றால் 144 பேர், ரிலேக்கு நான்கு நான்கு பேர் என்பதால் இன்னும் கூடும். பெயர் கூப்பிட்டு, ஓடி வந்து, பதக்கம் மாட்டி, போட்டோ எடுத்து இறங்க ஒருவருக்கு 20 விநாடி என்றாலே 48 நிமிடம். பெயர் கூப்பிட்டால் பிள்ளை அங்கே இருந்தால்தான் 20 விநாடி. அவன் தண்ணீர் குடிக்கப் போயிருப்பான். எண்பதாவது பதக்கத்தில் விருந்தினர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, கை மட்டும் தானாக நீளும். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் இப்படித்தான் எல்லாப் பரிசுகளையும் மன்னர் கையால் கடைசி நாளில் மொத்தமாகக் கொடுத்தார்கள். 1932 முதல் ஒலிம்பிக்கில் வெற்றி மேடை வந்துவிட்டது. நாம் இன்னும் 1896லேயே நிற்கிறோம்.

போட்டி முடிந்த கையோடு மைதானத்தின் ஓரத்தில் மூன்று பெட்டிகளை வைத்து அங்கேயே பதக்கத்தை மாட்டிவிடுங்கள். மாட்டுவது வகுப்பாசிரியர், பெற்றோர், அலுவலக ஊழியர், மைதானத்தைப் பராமரிக்கிறவர், யாராகவும் இருக்கலாம். மூச்சு வாங்கிக்கொண்டே, முகமெல்லாம் தூசியோடு பதக்கம் வாங்குகிற பிள்ளையின் சந்தோஷம் மூன்று மணி நேரம் கழித்துச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு வாங்கும்போது இருக்காது. விருந்தினர் கையால் தனிநபர் சாம்பியன், ரிலே, அணிக் கோப்பை, இவ்வளவு போதும். ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை பேச அவருக்கும் நேரம் இருக்கும்.

இனி கடிதம். முதலில் நேரிலோ போனிலோ கேளுங்கள், குறைந்தது ஒரு மாதம் முன்னால். சரி என்ற பிறகு கடிதம் கொடுங்கள், பதில் எழுத்தில் வந்த பிறகு அழைப்பிதழ் அச்சடியுங்கள். பெயரை எப்படிப் போடுவது, இனிஷியல் என்ன, பதவியை எப்படிக் குறிப்பிடுவது என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். கடிதம் "பேரன்பும் பெருமதிப்பும்" என்று ஒரு பக்கம் ஓட வேண்டாம், கிட்டத்தட்ட இப்படி இருந்தால் போதும்:

"வணக்கம். எங்கள் பள்ளி விளையாட்டு விழா இந்தத் தேதியில் நடக்கிறது. பத்து முதல் பதினேழு வயது வரையுள்ள மாணவர்கள் பங்கேற்கிறார்கள். நீங்கள் பள்ளி நாட்களில் நீளம் தாண்டியதை எங்கள் மூத்த ஆசிரியர்கள் இன்றும் பேசுகிறார்கள், அதனால் உங்களை அழைக்கிறோம். மாலை மூன்றரைக்கு வந்தால் இறுதிப் போட்டிகளைப் பார்க்கலாம். நான்கரைக்கு அணிவகுப்பு மரியாதையை ஏற்று, மாணவர்களிடம் ஐந்து நிமிடம் பேசி, பன்னிரண்டு பரிசுகளை வழங்க வேண்டுகிறோம். ஐந்து மணிக்கு விழா முடிந்துவிடும். மைதானம் புல்தரை, அதற்கேற்ற காலணி நல்லது. முன்வாசலில் உங்களை எங்கள் உடற்கல்வி ஆசிரியர் வரவேற்பார், அவருடைய எண் கீழே உள்ளது. வர இயலாவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள், அடுத்த ஆண்டு அழைக்கிறோம்."

ஏன் அவரை அழைக்கிறோம் என்கிற அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது எழுத வரவில்லை என்றால் ஆளையே மாற்றிவிடலாம்.

அன்றைக்கு ஒரு மாணவரை அவருக்குத் துணையாக நிறுத்துங்கள். இது என்ன போட்டி, யார் முன்னால் ஓடுகிறார், எந்த அணி எத்தனை புள்ளி என்று சொல்லிக்கொண்டிருக்க ஓர் ஆள் இருந்தால் அவர் போனை எடுக்க மாட்டார். நாற்காலியைப் பந்தலின் நடுவில் போடாமல் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் போடுங்கள். அணிவகுப்பில் எப்போது எழ வேண்டும், கொடி தாழும்போது என்ன செய்ய வேண்டும் என்று முன்பே காதில் போட்டுவிடுங்கள். தெரியாமல் ஊர்வலத்துக்குக் கை காட்டுவது போலக் காட்டிவிட்டு நெளிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முடிந்ததும் ஒரு வாரத்துக்குள் நன்றிக் கடிதம் அனுப்புங்கள். அதோடு போட்டோ வைப்பதாக இருந்தால் அவர் கோப்பை கொடுக்கும் படத்தைவிட ரிலேயைப் பார்த்து நாற்காலியை விட்டு எழுந்து கத்தின படம் கிடைத்தால் அதை வையுங்கள்.

இந்த வருடத்துக்கான தேதி முடிவானதும் என்னைப் போன்ற ஒருவரைக் கூப்பிட்டு முதலில் போட்டிகளின் நேர அட்டவணையைப் போட்டுவிடுங்கள். விருந்தினர் பெயரை அதற்கு அடுத்த கூட்டத்தில் பேசலாம்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியர்